மீனைக் கொன்றது அமிலமா, பசியா? கனடாவின் 223-ஆம் ஏரி: ஒரு நிகழ்வு ஆய்வு

சூழல் மண்டலம் பற்றிய பாடம் எதை எடுத்தாலும் முதலில் வருவது ஒரு பட்டியல்தான். இந்தப் பக்கம் உயிருள்ள காரணிகள்: தாவரம், விலங்கு, பூஞ்சை, நுண்ணுயிர். அந்தப் பக்கம் உயிரற்ற காரணிகள்: ஒளி, வெப்பம், நீர், மண், காற்று, உப்பு, அமிலத்தன்மை. பட்டியலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம் ஒரு ஏரியைக் காட்டி, இங்கே மீன் ஏன் குறைந்துபோனது என்று கேட்டால் திணறிவிடுவார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

அந்த நடுப்பகுதியை நேரில் பார்த்ததுபோலக் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ஒரு சிறிய ஏரி. அதற்குப் பெயர் கிடையாது, எண்தான்: 223. 1976 முதல் 1983 வரை அந்த ஏரியின் நீரை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே, ஆண்டுக்குக் கொஞ்சமாக, அமிலமாக்கினார்கள். அவர்கள் மாற்றியது ஒரே ஒரு உயிரற்ற காரணியை. அதற்கு ஏரியில் இருந்த உயிர்கள் ஒவ்வொன்றும் எப்போது, எந்த வரிசையில் பதில் சொன்னது என்பதைக் கவனித்துக் குறித்துவைத்தார்கள். உயிருள்ள, உயிரற்ற காரணிகளைப் பற்றிப் பேச இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

ஏரியும் அதன் பாறையும்

கெனோரா நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, காட்டுக்குள் இருக்கிறது பரிசோதனை ஏரிகள் பகுதி. 1968-இல் கனடா அரசு இதைத் தொடங்கியது. 58 சிறிய ஏரிகளும் அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் செய்வதை ஒரு முழு ஏரியில் செய்து பார்ப்பதுதான் இங்கே வேலை. முதல் ஆண்டுகளில் இதை வழிநடத்தியவர் டேவிட் ஷிண்ட்லர். 1973-இல் இவருடைய குழு 226-ஆம் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்ந்தது. பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி பூத்துப் பச்சையானது. ஏரிகள் பாசி பிடித்துக் கெடுவதற்கு எது கடிவாளம் என்ற நீண்ட விவாதத்துக்கு அந்த ஒரு வான்படமே பெரிய பதிலாக அமைந்தது.

223-ஆம் ஏரியின் பரப்பு சுமார் 27 ஹெக்டேர். மிக ஆழமான இடத்தில் 14 மீட்டருக்குச் சற்று மேல். சுற்றிலும் ஊசியிலைக் காடு. அடியில் இருப்பது மிகப் பழமையான கருங்கல் பாறை; அதன்மேல் மெல்லிய மண். இந்தப் பாறையைக் கவனிக்காமல் கதைக்குள் போக முடியாது. சுண்ணாம்புப் பாறை மேல் அமைந்த ஏரியில் அமிலம் விழுந்தால் பாறையிலிருந்து கரைந்துவரும் கார்பனேட் அதை நடுநிலையாக்கிவிடும். கருங்கல்லுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் ஒரே மழை இரண்டு ஊர்களில் பெய்தாலும், ஓர் ஏரி அசையாமல் இருக்கும், இன்னொன்று சில ஆண்டுகளில் மாறிவிடும். அமிலம் உள்ளே வருவதற்கு முன்பே, அதன் விளைவு எவ்வளவு இருக்கும் என்பதை அடியில் கிடக்கும் கல் பாதி தீர்மானித்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் அமில மழை பெரிய கவலையாக இருந்தது. நிலக்கரி எரிப்பதிலிருந்தும் உலோக உருக்காலைகளிலிருந்தும் எழும் கந்தக டைஆக்சைடு காற்றில் நெடுந்தூரம் போய்க் கந்தக அமிலமாக இறங்கியது. ஸ்காண்டிநேவியாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் மீன் இல்லாத ஏரிகள் பெருகின. வளர்ந்த மீன் எந்த அளவு அமிலத்தில் சாகும் என்பதே அப்போது பெரிதாகக் கேட்கப்பட்ட கேள்வி. தொட்டியில் மீனை விட்டு, அமிலத்தைக் கூட்டி, எப்போது சாகிறது என்று பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு மேலே இருந்தால் ஏரி பத்திரம் என்று நினைப்பது எளிது. 223-ஆம் ஏரி அந்த நினைப்பை உடைத்தது.

ட்ரவுட் எங்கே இருந்தது, எதைத் தின்றது

அமிலம் ஊற்றுவதற்கு முன் இரண்டு ஆண்டுகள், 1974-இலும் 1975-இலும், ஏரியை இயல்பு நிலையில் அளந்தார்கள். பக்கத்தில் அமிலம் சேர்க்காத ஏரிகளும் ஒப்பீட்டுக்காகக் கண்காணிப்பில் இருந்தன. இந்த முன்னேற்பாடு இல்லாவிட்டால் பின்னால் கிடைத்த எதற்கும் பொருள் இருந்திருக்காது. ஒரு மீன் குறைந்தால் அது அமிலத்தாலா, அந்த ஆண்டுக் குளிராலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏரியில் ஐந்து வகை மீன்கள் இருந்தன. உணவுச் சங்கிலியின் உச்சியில் ஏரி ட்ரவுட். பிறகு வெள்ளை சக்கர், ஃபேட்ஹெட் மின்னோ, பெர்ல் டேஸ், அடித்தரையில் வாழும் ஸ்கல்பின். இவற்றோடு க்ரேஃபிஷ் எனப்படும் கொடுக்குள்ள நன்னீர் இறால். மைசிஸ் எனப்படும் இன்னொரு சிறிய இறால் வகையும் உண்டு. அது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், விரல்நகத்தைவிடச் சற்றே நீளமாக இருக்கும்.

ட்ரவுட்டின் ஓராண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. இது குளிர்ந்த நீர் மீன். கோடையில் ஏரியின் மேல்நீர் வெப்பமாகிவிடும். வெப்பமான நீர் எடை குறைவு என்பதால் மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் அடியில் தனி அடுக்காகத் தங்கும். இரண்டும் பல மாதங்களுக்குக் கலக்காது. ட்ரவுட் அந்த அடியடுக்குக்குப் போய்விடும். கரையோர ஆழமற்ற நீரில் மின்னோக்கள் கூட்டமாகத் திரிந்தாலும் கோடையில் அங்கே போய் அதிக நேரம் வேட்டையாட அதனால் முடியாது, நீர் சுடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏரி முழுதும் குளிர்ந்திருக்கும்போதுதான் கரையோர மீன்கள் அதற்கு எளிதில் கிடைக்கும்.

அப்படியானால் கோடையில் சாப்பாடு? அங்கேதான் மைசிஸ் வருகிறது. மைசிஸும் குளிர்நீர் உயிரி. வெளிச்சத்தை விட்டு விலகும். பகலில் ஆழத்தில், அடிச்சேற்றை ஒட்டிக் கிடக்கும். இருட்டியதும் மேலேறி மிதவை உயிரிகளைத் தின்றுவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். ட்ரவுட் தங்கும் அதே குளிர்ந்த அடுக்கில் அதன் நடமாட்டம்.

இப்போது பட்டியலைத் திரும்பிப் பாருங்கள். ட்ரவுட் மைசிஸைத் தின்பது உயிருள்ள காரணி. ஆனால் அவை இரண்டும் சந்திக்கும் இடத்தை முடிவு செய்வது வெப்பம், நேரத்தை முடிவு செய்வது ஒளி. இரையும் வேட்டையாடியும் ஒரே ஏரியில் இருப்பது மட்டும் போதாது. ஒரே அடுக்கில் இருக்க வேண்டும். உணவுச் சங்கிலிப் படத்தில் ஓர் அம்புக்குறியாக வரைந்துவிட்டுப் போகிறோமே, அந்த அம்பு நீரின் அடர்த்தியைப் பொறுத்தே நிற்கிறது.

அமிலம் ஏறிய ஆண்டுகள்

1976-இல் படகிலிருந்து கந்தக அமிலத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் நீரின் பிஎச் அளவு சுமார் 6.8. எட்டு ஆண்டுகளில் அதைப் படிப்படியாக 5-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார்கள். பார்க்க 1.8 தான் வித்தியாசம். ஆனால் பிஎச் அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும், 6.8-இலிருந்து 5.0 என்றால் கிட்டத்தட்ட 60 மடங்கு. செய்தியில் "பிஎச் கொஞ்சம் குறைந்தது" என்று படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

1977-இல் அளவு 6.1-ஐ ஒட்டி இருந்தது. பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படவில்லை. 1978-இல் 5.9. அப்போதும் ஏரியில் மைசிஸ் பத்து இலட்சக்கணக்கில் இருந்தது. 1979-இல் அளவு 5.6-ஐ நெருங்கியபோது அது ஏறக்குறைய இல்லாமல் போனது. ஒரே ஓராண்டு இடைவெளியில் ட்ரவுட்டின் கோடைச் சாப்பாடு காலி. மாசில்லாத மழைநீரின் பிஎச் அளவே, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால், சுமார் 5.6 தான். அதாவது யாருக்கும் ஆபத்தாகத் தோன்றாத ஓர் எண்ணில் இது நடந்தது.

அதே ஆண்டில் ஃபேட்ஹெட் மின்னோவின் இனப்பெருக்கமும் நின்றது. வளர்ந்த மின்னோக்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. புதுக் குஞ்சுகள்தான் வரவில்லை. இந்த மீன் சில ஆண்டுகள்தான் வாழும். ஓரிரண்டு ஆண்டு குஞ்சு பிறக்காவிட்டால் கூட்டமே முடிந்தது. அப்படியே ஆனது.

அப்புறம் நடந்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மின்னோ விட்டுச்சென்ற இடத்தில் பெர்ல் டேஸ் பெருகியது. அதுவரை எண்ணிக்கையில் அடங்கிக் கிடந்த மீனுக்குப் போட்டியாளர் போனதும் வழி கிடைத்துவிட்டது. அந்த ஓரிரு ஆண்டுகளில் வந்து வலைபோட்டுப் பார்த்த ஒருவர், சிறு மீன்கள் நிறைய இருக்கின்றன, ஏரி நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கக்கூடும். மொத்த எண்ணிக்கை உண்மையை மறைக்கும் இடம் இதுதான். பிறகு அமிலம் இன்னும் ஏறியபோது பெர்ல் டேஸின் முறையும் வந்தது. 1982 வாக்கில், அளவு 5-ஐ ஒட்டி நின்றபோது, ஏரியில் எந்த மீனும் வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்யவில்லை.

க்ரேஃபிஷின் அழிவு வேறு மாதிரி. ஓடு கழற்றி வளரும் உயிரி அது. ஒவ்வொரு முறை கழற்றிய பின்னும் புதிய மென்மையான ஓட்டை நீரிலுள்ள கால்சியத்தை எடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். அமிலம் கூடிய நீரில் அந்த இறுகல் தடைபட்டது. ஓடு மென்மையாக இருக்கும் நேரம்தான் அதற்கு மிக ஆபத்தான நேரம். முட்டைகளில் பூஞ்சை பிடித்தது. தசையைத் தாக்கும் நுண் ஒட்டுண்ணியின் தொற்றும் அதிகமானது. கால்சியம், அமிலம், பூஞ்சை, ஒட்டுண்ணி என்று நான்கையும் எழுதி, இதில் எத்தனை உயிருள்ளவை, எத்தனை உயிரற்றவை என்று தேர்வில் கேட்கலாம். க்ரேஃபிஷின் உடலில் அவை தனித்தனியாக வந்து தாக்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிட்டது.

கரையோரத்தில் மோஜியோஷியா என்ற இழைப்பாசி பெருகி, பச்சைப் பஞ்சுப் படலமாகப் பாறைகள்மேல் படர்ந்தது.

இனி ட்ரவுட். வளர்ந்த ட்ரவுட் அமிலத்தால் உடனே சாகவில்லை. நீண்டகாலம் வாழும் மீன் என்பதால் ஆண்டுக்கணக்கில் அதன் எண்ணிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. புதிய தலைமுறை வராமல் போனது ஒரு பக்கம். இருக்கும் மீன்களோ மெலிந்துகொண்டே போயின. பரிசோதனையின் நடுவிலும் கடைசியிலும் எடுத்த ட்ரவுட் படங்கள் பிற்பாடு பரவலாக அறியப்பட்டன. முதல் படத்தில் வயிறும் முதுகும் திரண்ட மீன். அடுத்ததில் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. உடல் ஒடுங்கி, தோல் எலும்போடு ஒட்டியிருக்கிறது. நோயோ காயமோ காரணம் அல்ல. அதற்குத் தின்ன எதுவும் இல்லை.

மைசிஸ் போய்விட்டது, மின்னோ போய்விட்டது, க்ரேஃபிஷ் போய்விட்டது. தொட்டிப் பரிசோதனையில் ட்ரவுட்டுக்கு வேளாவேளைக்கு உணவு போடுவார்கள். ஏரியில் அதைப் போட ஆள் இல்லை. ஆகவே தொட்டி தந்த எண் ட்ரவுட்டின் உடலைப் பற்றி உண்மை சொன்னது. ட்ரவுட்டின் வாழ்க்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மீனைக் கொன்றது எது என்று இப்போது கேட்டால், உயிரற்ற காரணி என்று சொல்பவரும் சரி, உயிருள்ள காரணி என்று சொல்பவரும் சரி, பாதிதான் சொல்கிறார். அமிலம் ட்ரவுட்டை அடைந்தது உணவின் வழியாக. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஓர் உயிரற்ற காரணியின் தாக்கத்தை அளக்க, உச்சியில் இருக்கும் பெரிய விலங்கைப் பார்ப்பது மிகத் தாமதமான வழி. முதலில் விழுவது சிறியது, குறைந்த ஆயுள் கொண்டது, யாரும் படம் எடுக்காதது.

மாறாமல் நின்றவை

எதிர்பார்த்தும் நடக்காத சில இருந்தன, அவையும் முக்கியம். ஏரியின் மொத்த ஒளிச்சேர்க்கை உற்பத்தி குறையவில்லை. பாசி இனங்கள் இடம் மாறின, ஒன்று போய் இன்னொன்று வந்தது. ஆனால் ஏரி முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் உற்பத்தி அப்படியே இருந்தது. இறந்த பொருள்கள் மக்குவதும் தொடர்ந்தது. ஆக, ஏரிக்குள் ஆற்றல் எவ்வளவு வருகிறது என்று மட்டும் அளந்திருந்தால் எல்லாம் நலம் என்றே விடை வந்திருக்கும். ட்ரவுட் பட்டினி கிடந்தது ஏரியில் உணவு உற்பத்தி குறைந்ததால் அல்ல. பாசிக்கும் ட்ரவுட்டுக்கும் இடையில் உணவைக் கைமாற்றிக் கொடுத்த உயிர்கள் இல்லாமல் போனதால்.

நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலை, பிஎச் அளவு 5.4-க்கும் 5.7-க்கும் இடையில் இறங்கியபோது நின்றுவிட்டது. நீரில் அம்மோனியம் சேரத் தொடங்கியது. அதாவது ஓர் உயிரற்ற காரணி ஓர் உயிரை நிறுத்தியது. அந்த உயிர் நின்றதால் இன்னொரு உயிரற்ற காரணி மாறியது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நீரின் பிஎச் அளவைக் குறிப்பிட்ட படிக்குக் கொண்டுவர எவ்வளவு அமிலம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். ஆனால் ஏரி அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை; ஊற்றிய அமிலத்தில் பாதிக்கும் மேல் ஏரிக்குள்ளேயே நடுநிலையாகிவிட்டது. கருங்கல்லால் அந்த வேலையைச் செய்ய முடியாது. செய்தவை அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள்.

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல, சல்ஃபேட்டைப் பயன்படுத்தி இறந்த பொருள்களைச் சிதைக்கும். அந்த வேதிவினையில் ஹைட்ரஜன் அயனிகள் செலவாகும். அமிலத்தன்மை என்று நாம் சொல்வதே அந்த அயனிகளைத்தான். கந்தக அமிலத்தோடு வந்தது சல்ஃபேட்; பாசிகள் இறந்து விழுந்து தந்தது இறந்த பொருள்; சேற்றில் ஆக்சிஜனைத் தீர்த்துவைத்தவை மற்றச் சிதைப்பான்கள். எல்லாம் ஒன்றுசேர, ஏரி தனக்குள் விழுந்த நஞ்சில் பெரும்பங்கைத் தானே விழுங்கியது. ஒரு ஏரியின் அமிலம் தாங்கும் திறன் சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் மட்டுமே வருகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி. பிஎச் அளவு உயிரற்ற காரணிகள் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் 223-ஆம் ஏரியில் அந்த எண்ணைத் தீர்மானிப்பதில் உயிர்களுக்கும் பங்கு இருந்தது.

குளமோ ஏரியோ எடுத்துக் கள ஆய்வு செய்யும் மாணவர்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது நிறைய. வெப்பத்தை மேற்பரப்பில் மட்டும் அளக்காமல் ஆழத்துக்கு ஆழம் அளக்க வேண்டும். மீன் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், இந்த ஆண்டுக் குஞ்சுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மீன் எத்தனை என்பதோடு, அதன் நீளத்துக்கு எடை சரியாக இருக்கிறதா என்பதையும் குறிக்க வேண்டும். முடிந்தால் இரவில் ஒரு முறை நுண்வலை இழுத்துப் பார்க்க வேண்டும். பகலில் மட்டும் போனால் மைசிஸ் போன்றவை வலையில் வரவே வராது.

திரும்பி வந்ததும் வராததும்

1984 முதல் அமிலம் சேர்ப்பதைக் குறைத்து, பிஎச் அளவை மெல்ல ஏறவிட்டார்கள். மீட்சி எப்படி நடக்கும் என்பதும் ஆய்வின் பகுதிதான். அளவு 5.5-ஐத் தாண்டியதும் சில மீன்கள் மீண்டும் குஞ்சு பொரித்தன. சிறு மீன்கள் கிடைக்கத் தொடங்கியதும் ட்ரவுட்டின் உடல்நிலையும் தேறியது. நீர் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை, அமிலம் இன்னும் இருக்கிறது, ஆனாலும் மீன் தேறுகிறது. அதை வாட்டியது முதன்மையாகப் பசிதான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இந்த ஏரியில் கிடைத்த முடிவுகள் 1985-இல் சயன்ஸ் இதழில் வெளியாயின. 1990-இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கந்தக டைஆக்சைடு வெளியேற்றத்துக்கு வரம்பு கட்டியது. அடுத்த ஆண்டு கனடாவும் அமெரிக்காவும் காற்றுத் தர ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த விவாதங்களில் மெலிந்த ட்ரவுட்டின் படத்துக்கும் ஓர் இடம் இருந்தது. 1991-இல் முதல் ஸ்டாக்ஹோம் நீர் விருது ஷிண்ட்லருக்கு வழங்கப்பட்டது.

ஏரி நீர் பின்னர் பழைய அளவை நெருங்கியது. மைசிஸ் மட்டும் திரும்பி வரவில்லை.

அதற்கான காரணம் பனியூழிக் காலத்தில் இருக்கிறது. பனிப்பாறைகள் உருகிய காலத்தில் இந்தப் பகுதியைப் பெரும் உருகுநீர் ஏரிகள் மூடியிருந்தன. மைசிஸ் இந்தச் சிறிய ஏரிகளுக்குள் வந்தது அந்த நீர் வழியாகத்தான். நீர் வடிந்தபின் ஒவ்வோர் ஏரியிலும் அது தனித்தனியாகத் தங்கிவிட்டது. அதற்குப் பறக்கத் தெரியாது, நிலத்தைக் கடக்கத் தெரியாது. வறட்சியைத் தாங்கிக் காற்றிலோ பறவையின் காலிலோ போகக்கூடிய முட்டையும் அதற்கு இல்லை. வெப்பம், ஒளி, அமிலத்தன்மை, ஆக்சிஜன் என எல்லா உயிரற்ற காரணிகளும் மறுபடி பொருத்தமாக அமைந்தாலும், அது வந்த பாதை பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. கடைசியில் ஆய்வாளர்களே மைசிஸ் இன்னும் வாழும் வேறோர் ஏரியில் இரவில் வலை இழுத்து, அவற்றைப் பிடித்துக் கொண்டுவந்து 223-ஆம் ஏரியில் விடும் வேலையில் இறங்கினார்கள்.